மலைச்சரிவில் ஒரு சிறு குடில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை போன்ற ஊர்களைச் சுற்றிக் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களும், அங்கே புதிதாக நிலம் வாங்கியவர்களும், இரண்டு பேர் தங்கும்படி ஒரு குடில் கட்டிக்கொள்ள நினைக்கும்போது, இங்கே குடில்கள் கட்டிவரும் எங்களிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ஏற்காட்டுக்கும் சிறுமலைக்கும் கொல்லிமலைக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். கணக்குகள் எல்லாம் ஒரே குடிலை வைத்துச் சொல்லப்பட்டவை: 12 அடிக்கு 20 அடியில் ஓர் அறை, அதன் நீளவாட்டில் 6 அடி அகலத்தில் ஒரு தாழ்வாரம், நான்கு பக்கமும் 3 அடி வெளியே நீளும் கூரை.

நிலம் கையில் இருக்கிறது. வரைபடம் போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

ஐப்பசி மழையில் ஒருமுறை நிலத்துக்குப் போய்க் குடையோடு நில்லுங்கள். மாசியிலோ பங்குனியிலோ பார்த்து வாங்கிய நிலம் வேறு, அடைமழையில் அதே நிலம் வேறு. கோடையில் புல் மூடிய மெல்லிய பள்ளமாகத் தெரிந்தது மழையில் ஓடையாக ஓடும். காய்ந்த பாறையின் இடுக்கிலிருந்து ஊற்று கசியும். மேலே இருக்கும் தோட்டக்காரரின் வடிகால் உங்கள் வேலியோரம் வந்து திறப்பதும் அப்போதுதான் தெரியவரும். பழனி மலையின் இந்தப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை என்பதால், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பார்த்த நிலத்தை முழுதாகப் பார்த்ததாகக் கொள்ளலாம்.

தண்ணீர் எங்கிருந்து நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதைக் குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குடில் எங்கே நிற்க வேண்டும் என்பதைவிட எங்கே நிற்கக் கூடாது என்பதை அந்தக் குச்சிகள் முதலில் சொல்லிவிடும். மலைக்கட்டடங்களில் நாங்கள் பழுது பார்க்கப் போன இடங்களில் விரிசல், ஈரச்சுவர், பூஞ்சை, சாய்ந்த தடுப்புச் சுவர் என்று எதை எடுத்தாலும், கிளறிப் பார்த்தால் அடியில் தண்ணீர்தான் இருந்தது. ஆகவே இந்தப் பக்கத்தில் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் சுற்றிச் சுற்றித் தண்ணீரிடமே வந்து நிற்போம், பொறுத்துக்கொள்ளவும்.

அனுமதி எதுவும் வேண்டுமா? சிறு குடில்தானே?

வேண்டும். தமிழ்நாட்டில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இயங்கி வருகிறது. அதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் மனை பிரிப்பதற்கும் கட்டடம் கட்டுவதற்கும் ஊராட்சியின் ஒப்புதல் மட்டும் போதாது. வனத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, கனிமவளத் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படலாம். மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் தனியே இருக்கிறது. சொந்தப் பட்டாவில் நிற்கும் மரமானாலும் அது பொருந்தும். கொடைக்கானல், நீலகிரி போன்ற இடங்களில் ஜே.சி.பி. இறக்குவதற்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கும் கட்டுப்பாடுகள் உள்ளன.

வாங்கும் முன்பே வில்லங்கச் சான்று, புல வரைபடம் ஆகியவற்றோடு பட்டா எந்த வகை என்பதையும் பாருங்கள். மலையில் நிபந்தனைப் பட்டா நிலங்கள் நிறைய உண்டு. அவற்றை விற்பதற்கும் பயன்படுத்துவதற்கும் நிபந்தனை இருக்கிறது. "எல்லாரும்தான் கட்டுகிறார்கள்" என்று தரகர் சொல்வதை ஓர் ஆவணமாகக் கொள்ள வேண்டாம்.

நிலத்தில் எந்த இடத்தில் குடிலை வைப்பது?

எல்லாருடைய கண்ணும் முதலில் போவது முனையில் துருத்திக்கொண்டிருக்கும், பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் இடத்துக்குத்தான். அந்த இடத்தை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. முனையில் காற்று அதிகம், மழை பக்கவாட்டில் அடிக்கும், மண் பிடிப்பும் குறைவு. இருபது முப்பது அடி உள்ளே தள்ளிக் குடிலை வைத்துவிட்டு, முனைக்கு ஒரு நடைபாதையும் உட்கார ஒரு கல்லும் போதும் என்று விட்டால், காட்சியும் கெடாது, மலையும் கெடாது.

சரிவின் மேல்முகடும் வேண்டாம், தண்ணீர் கூடும் அடிப்பள்ளமும் வேண்டாம். நடுச்சரிவில், ஏற்கெனவே மரம் இல்லாத திறப்பு ஒன்றைத் தேடுங்கள். பாறை வெளியே தெரியும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. தாண்டிக்குடிப் பக்கமும் பேத்துப்பாறைப் பக்கமும் இன்றும் நிற்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் பல மண்ணில் அல்ல, விரிந்து கிடக்கும் பாறைத் தளத்தின் மேலேயே நிற்கின்றன. அஸ்திவாரம் பற்றி அவற்றை நிறுத்தியவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது திசை. இந்த மலையில் பல நாட்கள் காலையில் வெயில் தெளிவாக இருக்கும், பிற்பகலில் மூட்டம் ஏறி மூடிவிடும். ஆகவே நம்பி எடுத்துக்கொள்ளக்கூடிய வெயில் காலை வெயில்தான். குடிலின் நீண்ட பக்கமோ தாழ்வாரமோ கிழக்கையோ தென்கிழக்கையோ பார்க்கட்டும். மேற்குக் காட்சிக்காகத் தாழ்வாரத்தை மேற்கே வைத்தவர்கள் மாலை நேரங்களில் வெள்ளை மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரிவை வெட்டிச் சமன் செய்வதா, கால்களின் மேல் நிறுத்துவதா?

முதலில் குடிலைத் திருப்பி வையுங்கள். நான்கு அடிக்கு ஓர் அடி இறங்கும் சரிவில், 20 அடி நீளத்தைச் சரிவின் குறுக்கே, அதாவது ஒரே உயரத்தில் செல்லும் கோட்டின் போக்கில் வைத்தால், 12 அடி அகலத்துக்கு மட்டத்தில் வரும் வேறுபாடு 3 அடிதான். அதே குடிலை இறக்கத்தின் போக்கில் நீட்டினால் 5 அடி ஆகிவிடும். ஒரே உயரக் கோட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபில், குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு குச்சி நட்டுக்கொண்டே போனால், அரை நாளில் முழு மனையின் மட்டமும் தரையில் எழுதப்பட்டுவிடும்.

வெட்டி நிரப்பும் முறையில் மேற்பக்கம் மண்ணை வெட்டி எடுத்துக் கீழ்ப்பக்கம் கொட்டி ஒரு மேடை செய்கிறார்கள். அந்த மேடையில் பாதி, காலங்காலமாக இறுகிய மண்; மீதிப் பாதி, போன மாதம் கொட்டிய மண். இரண்டும் ஒரே அளவில் அமுங்காது. எனவே முதல் மழைக்கோ இரண்டாவது மழைக்கோ, சரியாக அந்தச் சேர்க்கைக் கோட்டின் மேலேயே தரையில் ஒரு விரிசல் ஓடும். வெட்டிய முகமும் நெட்டுக்குத்தாக நிற்பதால் அதிலிருந்து ஊறும் தண்ணீர் சுவரைத் தேடி வரும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் நிகழ்ந்த நிலச்சரிவுகளை நினைவு வைத்திருப்பவர்கள் சரிவில் மண்வெட்டி வைப்பதற்கு முன் இருமுறை யோசிப்பார்கள்.

எங்கள் விருப்பம் கால்கள்தான். ஆறு அல்லது எட்டு இடங்களில் மட்டும், கெட்டித் தரை வரும்வரை குழி தோண்டி, கருங்கல்லாலோ கான்கிரீட்டாலோ குட்டைத் தூண்கள் எழுப்பி, அவற்றை ஒரு பெல்ட்டால், அதாவது கம்பி வைத்த கான்கிரீட் பட்டையால் இணைத்து, அதன் மேல் தளம் போட வேண்டும். மழைநீர் அடியில் ஓடிப்போகும், காற்றும் புகுந்து தளத்தை உலர வைக்கும். இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய கண்டலம ஹோட்டல் எவ்வளவோ பெரியது. அதிலும் பாறையிலிருந்து வழியும் நீர் கட்டடத்துக்கு அடியிலேயே போக வழி விடப்பட்டிருக்கிறது. ஆனால் தூண்கள் ஆளுயரத்துக்கு மேல் போனால் காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் குறுக்குப் பிணைப்பு தேவைப்படும். அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுத்தர வேண்டும், கொத்தனாரின் அனுபவம் போதாது.

தடுப்புச் சுவர் தவிர்க்க முடியாத இடத்தில், சிமெண்ட் பூசாமல் கற்களை உள்நோக்கிச் சாய்த்து அடுக்கும் சுவர் நான்கடி உயரம் வரை நன்றாகவே நிற்கிறது. அதன் இடுக்குகள் எல்லாமே வடிகால். சிமெண்ட் வைத்துக் கட்டினால் நீர் கசிய ஐந்தடிக்கு ஒரு துளையும், பின்பக்கம் ஜல்லி நிரப்பும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மண்ணோடு சேர்ந்து தேங்கிய நீரும் சுவரைத் தள்ளும்.

எவ்வளவு சிறியதாகக் கட்டலாம்?

நினைப்பதைவிடச் சிறியதாக. இருபதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே, சண்டிகர் நகரத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1952இல் பிரான்சின் தென்கடற்கரையில் தனக்கென்று கட்டிக்கொண்ட குடில் 3.66 மீட்டர் சதுரம், உயரம் 2.26 மீட்டர். நம் கணக்கில் 12 அடிக்கு 12 அடி, நம் வீடுகளில் ஒரு படுக்கையறையின் அளவு. அதற்குள் கட்டில், மேசை, அலமாரி, கைகழுவும் தொட்டி, திரைக்குப் பின்னால் கழிப்பறை எல்லாம் அடங்கின. 2016 முதல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அந்தக் குடிலில் சமையலறை கிடையாது; பக்கத்திலேயே ஒட்டியிருந்த உணவகத்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டார். மலையில் உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரு தோசைக்கல்லும் இரண்டு பாத்திரமும் வைக்க, புகை வெளியே போகும்படி, ஆறடி மேடை வேண்டும். அதனால்தான் நாங்கள் 12க்கு 20 என்கிறோம்.

இந்த அளவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிளைவுட், சிமெண்ட் போர்டு போன்றவை எட்டடிக்கு நாலடியாகவே வருகின்றன. 12, 20 இரண்டும் நான்கின் மடங்குகள் என்பதால் வெட்டி எறிவது மிகக் குறையும். இரும்புக் குழாய்கள் 20 அடி நீளத்தில் வரும்; அதைவிட நீளமானதைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிக்கொண்டு வருவது பெரும்பாடு. வண்டி நிற்கும் இடத்திலிருந்து மனைவரை தலைச்சுமையோ குதிரையோ என்றால், இரண்டு ஆள் தூக்க முடியாத எதையும் வரைபடத்திலேயே வைக்காதீர்கள்.

கூரைக்கு எது நல்லது: ஓடா, ஷீட்டா, கான்கிரீட்டா?

கான்கிரீட் தட்டைக்கூரையை இந்த மலையில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மழை நின்ற பின்னும் மூட்டத்தில் காயாமல் ஈரமாகவே இருந்து, பாசி பிடித்து, மயிரிழை விரிசல்களில் நீர் இறங்கும். மேலே ஷீட் போட்டு மூடிய கான்கிரீட் கூரைகளை மலை ஊர்களில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். இரண்டு கூரைக்குச் செலவு செய்து ஒரு கூரையின் பயனைப் பெற்றவர்கள் அவர்கள்.

மங்களூர் ஓடு 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகப் பரவியது. உடைந்தால் ஒன்றை உருவி இன்னொன்றைச் செருகலாம், மழைச் சத்தத்தை அடக்கும், பத்து ஆண்டில் பாசியும் கருமையும் ஏறி மலையின் நிறத்துக்கே வந்துவிடும். இதற்கு வாட்டம் ஓரடிக்கு ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. காற்று வீசும் இடத்தில் ஏழு எட்டு அங்குலம் வைப்பது பாதுகாப்பு. வாட்டம் குறைந்தால் காற்று நீரை ஓட்டின் இடுக்கில் மேல்நோக்கித் தள்ளும். குரங்குகள் அதிகம் வரும் இடமாக இருந்தால், ஓட்டை அவை கலைத்துப் போடும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

ஷீட் கூரை மோசமில்லை; எடை குறைவு, மெல்லிய சட்டமே தாங்கும், தூக்கிச் செல்வதும் எளிது. ஆனால் வெறும் ஷீட்டின் கீழே படுக்கக் கூடாது. நாங்கள் கட்டிய முதல் குடிலில் இதைச் செய்தோம். மழையே இல்லாத தை மாதத்தில், விடியற்காலை நாலரை மணிக்குப் போர்வையின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மூன்று நாள் ஏணி வைத்து ஓட்டை தேடினோம். வாஷர் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினோம். ஓட்டை எங்கும் இல்லை. உள்ளே தூங்கியவர்களின் மூச்சிலும், இரவு வைத்த வெந்நீரிலும் இருந்த ஈரம் பனியில் குளிர்ந்த தகரத்தின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, ஆணி வரிசையோடு வழிந்து, கட்டிலுக்கு மேலே வந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஷீட்டுக்குக் கீழே இரண்டு அங்குலக் கம்பளி போன்ற ராக்வூல், அதன் கீழே ஈரத்தடுப்புத் தாள், அதன் கீழே மரப்பலகை என்று மூன்று அடுக்கு கொடுத்து, முகட்டில் காற்று வெளியேற இடுக்கும் விட்ட பிறகுதான் அது நின்றது. மழைச் சத்தமும் பாதியாகக் குறைந்தது.

கூரை எதுவானாலும் இறவாரம், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு, மூன்றடி நீளட்டும். இது மழைக்காக மட்டுமல்ல. இந்த மலை வட அகலாங்கு 10 பாகையை ஒட்டி இருப்பதால், மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் நிற்கும். எட்டடி உயரத்தில் இருக்கும் மூன்றடி இறவாரத்தின் நிழல் தெற்குச் சுவரில் நாலரை அடி வரைதான் இறங்கும். அதன் கீழே மூன்றரை அடி உயரத்துக்கு வெயில் விழும். அங்கே ஒன்றரை அடி உயரத்தில் அடிமட்டம் வைத்து ஒரு தாழ்ந்த சன்னலும், அதையொட்டி உட்காரும் திண்டும் கட்டினால், குளிர்மாதங்களில் அந்த வீட்டில் சண்டை பிடித்து உட்காரும் இடம் அதுவாகத்தான் இருக்கும். கோடையிலோ நண்பகல் சூரியன் வடக்கே போய்விடுவதால் அதே திண்டு நிழலில் இருக்கும்.

சுவர் முழுவதும் கண்ணாடி வைத்தால் இயற்கையோடு ஒன்றியதாக இருக்காதா?

பகலில், படத்தில் இருக்கும். இரவில் அதே கண்ணாடி கறுப்புக் கண்ணாடியாகி உங்கள் முகத்தையே உங்களுக்குக் காட்டும். திரை போட்டு மூடுவீர்கள். ஒற்றைக் கண்ணாடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை வெளியே விடுகிறது. பறவைகளுக்கு அதில் தெரியும் மரமும் மரம்தான். பறந்து வந்து மோதிச் சாகும்.

நீலகிரியில் தோதவர் (தோடர்) பழங்குடியினரின் பழைய குடில்கள் பாதி உருளை வடிவில், தவழ்ந்தே நுழையக்கூடிய சின்ன வாசலோடு இருந்தன. திறப்பு என்பது குளிருக்கும் விலங்குக்கும் வழி என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஒரு நல்ல பெரிய சன்னல், அதுவும் நீங்கள் உட்காரும் உயரத்தில், ஒரு குறிப்பிட்ட மரத்தையோ மலைமுகட்டையோ பார்த்தபடி. மற்றவை காற்றுக்கான சிறு சன்னல்கள். நான்கு பக்கமும் தெரியும் காட்சியை ஒருவரும் ஒரு வாரத்துக்கு மேல் பார்ப்பதில்லை.

சுவருக்கு என்ன பொருள்?

அடியில் இரண்டடி உயரம் வரை கருங்கல். இறவாரத்திலிருந்து விழும் நீர் தெறித்து நனைப்பது அந்த உயரத்தைத்தான். அதற்கு மேலே, உங்கள் நிலத்துச் செம்மண் ஏற்றதாக இருந்தால், அழுத்திய மண்கல் நல்ல தேர்வு. ஆரோவில் மண் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பரப்பிவரும் முறை இது: மண்ணோடு சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து, கைப்பொறியில் அழுத்தி, நான்கு வாரம் ஈரத்தில் வைத்துப் பதப்படுத்துவார்கள். சூளை வேண்டாம், அதனால் விறகும் வேண்டாம். மேல்மண்ணை எடுக்காதீர்கள், அதில் மக்கு அதிகம். ஓரடிக்குக் கீழே இருப்பதையே எடுக்க வேண்டும். அந்தக் குழியையே பிறகு மழைநீர்த் தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

செங்கல் கீழிருந்து ஏற்றிக்கொண்டு வருவதென்றால், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறையைக் கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள். கற்களை நிறுத்திவைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகும். அந்த வெற்றிடமே குளிரையும் தடுக்கும்.

மரம்?

சில்வர் ஓக் காப்பித் தோட்டங்களிலேயே நிழலுக்கு நிற்கிறது. உரிய அனுமதியோடு வெட்டினால் பலகைக்கும் உள்வேலைக்கும் ஆகும். ஆங்கிலேயர் காலத்தில் வந்து சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கிய சீகை (வாட்டில்) மரத்தையும் யூகலிப்டஸையும் பயன்படுத்துவது மலைக்கும் நல்லதுதான். எதுவாயினும் உலர்ந்ததா என்று பார்க்காமல் ஆசாரியிடம் கொடுக்காதீர்கள். வெட்டிய ஆறு மாதத்துக்குள் கதவாக்கிய மரம், மழைக்காலத்தில் உப்பித் திறக்க மறுக்கும், கோடையில் சுருங்கி விரல் நுழையும் இடுக்கு விடும். மூங்கிலை போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்காமல் தொடவே வேண்டாம். எந்த மரமும் மண்ணைத் தொட்டு நிற்கக் கூடாது. கரையானுக்கு நீங்களே ஏணி வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

வெளியே பச்சை வர்ணம் அடித்தால் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும் அல்லவா?

கலக்காது. காட்டில் நூறு பச்சை இருக்கிறது. டப்பாவில் வரும் பச்சை அவற்றில் ஒன்றாக இருந்ததே இல்லை. மண், கல், மரப்பட்டை, நனைந்த சாம்பல் ஆகிய நிறங்களே தூரத்திலிருந்து பார்க்கும்போது மறைகின்றன.

குளிருக்கு என்ன செய்வது? உள்ளே கணப்பு வைக்கலாமா?

இந்த உயரத்தில் குளிரைவிட ஈரம்தான் ஆளை வாட்டுகிறது. மெத்தை, புத்தகம், செருப்பு எல்லாவற்றிலும் பூஞ்சை படரும். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். கதவுக்குப் பதில் கம்பியோ இடைவெளிப் பலகையோ போடுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் பூட்டிவிட்டுப் போனாலும் திறந்தே இருக்கும் சிறு காற்றுத் துளைகளை வலையோடு விடுங்கள்.

கணப்பு வேண்டுமென்றால் கதவுள்ள இரும்பு அடுப்பும், கூரைக்கு மேலே இரண்டடி உயரும் புகைக்குழாயும் வையுங்கள். குழாய் மரக்கூரையைத் துளைக்கும் இடத்தில் சுற்றிலும் இடைவெளியும் தகரக் கழுத்தும் அவசியம். கரி அடுப்பையோ, வெளியே கறி சுட்ட தணலையோ குளிருக்காக அறைக்குள் எடுத்து வந்து கதவைச் சாத்தித் தூங்குவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, கண் எரிச்சலும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். விருந்தினர் வரும் குடிலாக இருந்தால் இதைச் சுவரில் எழுதியே வையுங்கள்.

தண்ணீருக்கும் கழிவுக்கும்?

நம் குடிலின் கூரை, இறவாரத்தோடு சேர்த்து 24 அடிக்கு 26 அடி, சுமார் 58 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஆண்டு மழையை 1200 மி.மீ. என்று குறைத்தே வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், 55,000 லிட்டர் கிடைக்கும். இரண்டு பேர் நாளொன்றுக்கு 140 லிட்டர் செலவழித்தால், தை முதல் பங்குனி வரையான 90 நாள் வறட்சிக்கு 12,600 லிட்டர் போதும். பெரிய தொட்டி ஒன்றைவிட 5,000 லிட்டர் தொட்டிகள் மூன்று வைப்பது நல்லது. ஒன்றைக் கழுவும்போது மற்றவை இருக்கும். முதல் மழையின் அழுக்கு நீரைத் தனியே ஒதுக்கிவிட ஒரு கிளைக்குழாய் வையுங்கள்.

பெருமழையையும் இதே கணக்கில் பாருங்கள். மணிக்கு 100 மி.மீ. பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மணிக்கு 5,800 லிட்டர் இறங்கும். அதை ஒரே மூலையில் கொட்டினால் ஒரே மழையில் மண் பள்ளமாகும். தொட்டி நிரம்பி வழியும் நீரையும் சேர்த்துக் கல் பதித்த வாய்க்கால் வழியாக, குடிலைத் தாண்டி, இயற்கையாக நீர் ஓடும் தடத்தில் கொண்டுபோய் மெதுவாக விட வேண்டும்.

குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்கு மலைவாழை நாலு வைத்தால் போதும், அது குடித்துக்கொள்ளும். கழிப்பறைத் தொட்டி ஊற்றுக்கும் கிணற்றுக்கும் கீழ்ப்புறத்தில், குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். உங்களுக்குக் கீழே இருப்பவரின் ஊற்று எங்கே என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் ஒருவருடைய கொல்லைப்புறம் இன்னொருவருடைய குடிநீருக்கு மேலே இருக்கிறது.

காட்டுமாடு, யானை, அட்டை?

காட்டுமாட்டுக்கு வழக்கமான தடம் உண்டு. அதன் குறுக்கே வேலியோ குடிலோ வைக்காதீர்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால் தடத்தைக் கைகாட்டிவிடுவார்கள். யானை வரும் சரிவுகளில் குடிலை ஒட்டி வாழையும் பலாவும் வேண்டாம். மேலே சொன்ன வாழையைத் தள்ளி நடுங்கள். அட்டைக்கு, குடிலைச் சுற்றி மூன்றடி அகலத்தில் ஜல்லி பரப்பினால் பெரிதும் குறையும். இறவார நீர் தெறிப்பதற்கும் அதுவே மருந்து. வெளிவிளக்குகள் மஞ்சள் ஒளியில், தரையைப் பார்த்தபடி, தேவைக்கு மட்டும் எரியட்டும்.

இதில் நவீனம் எங்கே இருக்கிறது? எல்லாம் பழைய வீடு மாதிரி அல்லவா சொல்கிறீர்கள்?

ஓடும் கல்லும் பழையவை. கணக்குப் போட்டு மெலிய வைத்த இரும்புச் சட்டம், ராக்வூல், ஈரத்தடுப்புத் தாள், நாலடிக் கட்டத்தில் அமைந்த வரைபடம், கழற்றி எடுத்துப் போகக்கூடிய நட்டு போல்ட் இணைப்புகள் ஆகியவை புதியவை. தளத்தையும் சட்டத்தையும் கீழே பட்டறையில் செய்து மேலே மாட்டுவதால், மலையில் வேலை நாட்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறையலாம். அத்தனை நாள் மண்ணை மிதிப்பதும் குறைகிறது. போலிக் கட்டைவண்டிச் சக்கரத்தைச் சுவரில் மாட்டுவதைப் பழமை என்று நாங்கள் கருதாதது போலவே, சாம்பல் நிறப் பெட்டியாகக் கட்டுவதையும் நவீனம் என்று கருதுவதில்லை.

எப்போது தொடங்குவது, பிறகு பராமரிப்பு எப்படி?

பொங்கல் கழிந்து அஸ்திவாரம், சித்திரைக்குள் கூரை. கூரை ஏறிவிட்டால் உள்வேலையை மழையிலும் செய்யலாம். ஏறாவிட்டால் அடுத்த தை வரை எல்லாம் நனையும். செலவில் ஏற்றுக்கூலியும் தலைச்சுமையும் தனித் தலைப்பாக இருக்கட்டும். கீழ்நாட்டு விலையை வைத்துப் போட்ட மதிப்பீடு மலையில் ஒருபோதும் நிற்பதில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி கடைசியில், ஒருவர் ஏணி பிடிக்க ஒருவர் ஏறி, கூரை நீரை ஏந்தும் தகரக் காலில் அடைந்த சருகை அள்ளி, நழுவிய ஓட்டைத் திருத்தி, வாய்க்காலில் விழுந்த மண்ணை வழித்துவிட வேண்டும். இரண்டு ஆளுக்கு அரை நாள் வேலை. உங்களால் அந்த நாளில் வர முடியாதென்றால், சாவியை ஊரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்; ஏணியையும்.